இங்கிலாந்தின் சூனிய வழக்குகள்: கட்டுரைக்கு ஒரு செவிலியரின் மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் சூனிய வேட்டையைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நானூறு ஆண்டுகளுக்கு முன் தூக்கில் மாண்ட ஏழைக் கிழவிகளுக்காக ஒரு தமிழ்ப் பத்திரிகை ஒரு பக்கம் ஒதுக்கியது எனக்கு நிறைவாக இருந்தது. ஆனால் கட்டுரை சொன்ன மூன்று விஷயங்கள் தவறானவை. ஐரோப்பாவில் 90 லட்சம் பெண்கள் கொல்லப்பட்டார்கள் என்கிறது. இங்கிலாந்தில் பாதிரியார்கள் அவர்களைக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள் என்கிறது. இறந்தவர்கள் பெரும்பாலும் வைத்தியம் அறிந்த மருத்துவச்சிகள் என்கிறது. மூன்றும் நெடுங்காலமாகக் கைமாறிக் கைமாறி வரும் கதைகள். கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தமில்லை. கதை நிலைத்துவிட்டால் நடந்தது மறைந்துபோகுமே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

நான் எசெக்ஸ் மாவட்டத்தில், கோல்செஸ்டரில் வசிக்கிறேன். முதியோர் வார்டுகளிலும் முதியோர் இல்லங்களிலும் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சரித்திரப் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் சூனிய வழக்குகள் மிக அதிகமாகப் பதிவாகியிருப்பது இந்த எசெக்ஸில்தான். குற்றம் சாட்டப்பட்ட பெண்களை அடைத்து வைத்த கோட்டை என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வழக்கு நடந்த காலத்திலேயே அச்சான சிறுநூல்களின் மறுபதிப்புகள் நூலகத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது, பேயையும் பிசாசையும் விட, நான் வேலை செய்த வார்டுகளில் பார்த்த உடம்புகளும் முகங்களும்தான் எனக்கு அதிகம் நினைவுக்கு வந்தன.

முதலில் எண்ணிக்கை. 90 லட்சம் என்ற கணக்கின் வேர் 1784இல் இருக்கிறது. கோட்ஃபிரீட் கிறிஸ்டியன் வோய்க்ட் என்ற ஜெர்மானியர், தம் ஊரான க்வெட்லின்பர்க்கில் கிடைத்த சில வழக்குகளை வைத்து, அதே விகிதத்தில் ஐரோப்பா முழுவதற்கும் பல நூற்றாண்டுகளுக்குப் பெருக்கிப் போட்ட கணக்கு அது. நீதிமன்ற ஏடுகளை ஊர் ஊராகப் புரட்டிய வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்வது, ஐரோப்பா முழுவதிலும் சேர்த்து 40,000 முதல் 50,000 பேர். இங்கிலாந்தில் ஏறத்தாழ 500 பேர். எண்ணைக் குறைப்பதால் கொடுமையைக் குறைத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். 90 லட்சம் என்றால் யாருக்கும் முகம் இருக்காது. 500 என்றால், பொறுமையிருந்தால் ஒவ்வொருவராகத் தேடிப் போகலாம். பலருக்குப் பெயரும் ஊரும் கிடைக்கின்றன. ஒரு கிழவி எந்த வீட்டு வாசலில் என்ன கேட்டாள் என்பதுகூடச் சில வழக்குகளில் கிடைக்கிறது.

அடுத்தது தீ. இங்கிலாந்தில் சூனியத்துக்காக எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். காரணம், இங்கே அது மதக் குற்றமாக அல்லாமல் நாட்டுச் சட்டப்படியான குற்றமாக விசாரிக்கப்பட்டது. எட்டாம் ஹென்றி 1542இல் ஒரு சட்டம் போட்டார். 1547இல் அது நீக்கப்பட்டது. முதலாம் எலிசபெத் காலத்தில், 1563இல், மறுபடி ஒரு சட்டம் வந்தது. அதன்படி சூனியத்தால் ஓர் உயிர் போயிருந்தால் தூக்கு. உடம்புக்கோ மாட்டுக்கோ சேதம் என்றால் முதல் தடவை ஓராண்டுச் சிறை. அந்த ஓராண்டில் காலாண்டுக்கு ஒருமுறை சந்தை நாளில் ஆறு மணி நேரம் கழுத்தையும் கையையும் பலகையில் பூட்டி ஊர் பார்க்க நிறுத்துவார்கள். இரண்டாம் தடவை என்றால் தூக்கு. 1604இல் முதலாம் ஜேம்ஸ் இதை இறுக்கினார். ஆளுக்குச் சேதம் விளைவித்ததாக முதல் தடவை தீர்ப்பானாலே தூக்கு. கெட்ட ஆவியை அழைத்ததும் அதற்கு உணவு கொடுத்ததும்கூட மரண தண்டனைக்குரிய குற்றங்கள் ஆயின. தீயில் இறந்தவர் என்று எனக்குத் தெரிந்தவர் 1645இல் இப்ஸ்விச் நகரில் எரிக்கப்பட்ட மேரி லேக்லேண்ட். கணவனைக் கொன்ற மனைவிக்கு அன்றைய ஆங்கிலச் சட்டம் வைத்திருந்த தண்டனை எரிப்பு. அவர் சூனியத்தால் கணவனைக் கொன்றார் என்று தீர்ப்பானதால் அந்தத் தண்டனை அவருக்குக் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் வேறு சட்டம், வேறு வழக்கம். அங்கே கழுத்தை நெரித்த பிறகு உடலை எரித்தார்கள்; மக்கள்தொகை குறைவாக இருந்தும் இங்கிலாந்தைவிடப் பல மடங்கு பேர் இறந்தார்கள். இரண்டு நாடுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

பாதிரியார்கள் கொன்றார்கள் என்று சொல்வது நமக்கெல்லாம் வசதியான விடை. கறுப்பு அங்கி, கண்ணில் வெறி, அவர்கள் வேறு நாம் வேறு. இங்கிலாந்தில் அப்படி நடக்கவில்லை. ஒரு குழந்தை நோயில் விழும். பக்கத்து வீட்டுக்காரர் மாஜிஸ்திரேட்டிடம் போய் வாக்குமூலம் கொடுப்பார். லண்டனிலிருந்து ஆண்டுக்கு இருமுறை சுற்றுப்பயணமாக வரும் நீதிபதிகள் முன் வழக்கு வரும். ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த மாவட்டத்து விவசாயிகளும் வியாபாரிகளும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவளுக்கு வக்கீல் கிடையாது. மிகக் குறுகிய நேரத்தில் வழக்கு முடிந்துவிடும். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்த ஜூரிகள் நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோரைத் தூக்குக்கு அனுப்பவில்லை. ஆதாரம் போதாது என்று விடுவித்தது ஏராளம். ஆனால் விடுதலையானவள் திரும்பிப் போக வேண்டியது அதே தெருவுக்குத்தான். அங்கே அடுத்த மாடு செத்தால் அவள் பெயர்தான் வரும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த வழக்குகள் தொடங்கிய இடம் வீட்டு வாசல்.

1566இல் செம்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஆக்னஸ் வாட்டர்ஹவுஸின் வழக்கைப் பாருங்கள். இங்கிலாந்தின் சூனிய வழக்குகளில் முதன்முதலாகச் சிறுநூலாக அச்சேறியது இது. ஹேட்ஃபீல்ட் பெவரல் என்ற சிற்றூர்க்காரர். அவருடைய மகள் ஜோன் அயல்வீட்டுச் சிறுமியிடம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கேட்டாள். அந்தச் சிறுமி கொடுக்கவில்லை. பிறகு அந்தச் சிறுமி, கொம்பு வைத்த கறுப்பு நாய் ஒன்று தன்னைப் பயமுறுத்தியதாகச் சாட்சி சொன்னாள். ஆக்னஸின் வாக்குமூலம் இன்னும் மனத்தை அறுக்கிறது. சாத்தான் என்று பெயரிட்ட ஒரு பூனை தன்னிடம் இருந்ததாகவும், அதை ஒரு பானைக்குள் கம்பளி பரப்பி வைத்திருந்ததாகவும், ஒரு கட்டத்தில் வறுமையால் அந்தக் கம்பளி தனக்கே தேவைப்பட்டதால் பூனையைத் தேரையாக மாறச் சொன்னதாகவும் அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். தூக்குக்குக் காத்திருக்கும் ஒரு கிழவி, மாயங்களையெல்லாம் சொல்லிக்கொண்டே வரும்போது, இடையில் ஒரு பிடிக் கம்பளி தன் வீட்டில் இல்லாத உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

செயின்ட் ஓசித் என்ற ஊரின் உர்சுலா கெம்ப், நோய்க்கு மந்திரித்துச் சுகம் தருபவர். கிரேஸ் தர்லோ என்ற பெண்ணின் முடக்கத்தைச் சரிசெய்ய 12 பென்னி பேசிக்கொண்டார். குணமான பிறகு அந்தப் பெண், தன்னிடம் பணமில்லை என்றார். சரி, பணத்துக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டி கொடு என்றார் உர்சுலா. அதுவும் இல்லை என்றது பதில். சண்டை வந்தது, மறுபடி முடக்கம் வந்தது, வழக்கு வந்தது. உர்சுலாவின் மகனுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். சூனியக்காரிகள் ஏவலுக்கு வளர்ப்பதாக ஊர் நம்பிய பிராணி வடிவ ஆவிகள்தான் குட்டிச்சாத்தான்கள். அம்மா வளர்த்த குட்டிச்சாத்தான்களின் பெயரையும் நிறத்தையும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவன் அவன்தான். 1582இல் உர்சுலா தூக்கிலிடப்பட்டார்.

வைத்தியம் செய்தவர்களைக் குறிவைத்துக் கொன்றார்கள் என்பதற்கு உர்சுலா போன்றவர்களைச் சான்று காட்டுவார்கள். ஆனால் இப்படி மந்திரிப்பவர்கள், திருட்டுப்போன பொருளுக்குக் குறி சொல்பவர்கள் என்று இங்கிலாந்து முழுவதும் நிறையப் பேர் இருந்தார்கள். பெரும்பாலோரை யாரும் தொடவில்லை. இன்னும் சொன்னால், உனக்குச் செய்வினை வைத்தது இன்னார்தான் என்று கைகாட்டி வழக்குகளைத் தொடங்கி வைத்ததே பல சமயம் இவர்கள்தான்.

1612இல் லங்காஷயரில் நடந்ததற்குக் காரணம் குண்டூசி. மார்ச் 18ஆம் தேதி, கோல்ன் ஊருக்கு அருகே, அலிசன் டிவைஸ் என்ற இளம்பெண் ஜான் லா என்ற நடைவியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவர் மூட்டையை அவிழ்க்க மறுத்தார். கொஞ்ச தூரம் போனதும் கீழே விழுந்தார். ஒரு பக்கம் செயலிழந்தது, முகம் கோணியது, பேச்சு குழறியது. எந்தச் செவிலியரிடம் இந்த விவரத்தைக் கொடுத்தாலும் ஒரே வார்த்தையில் பதில் வரும்: பக்கவாதம். ஆனால் அலிசனே தன்னால்தான் இது நடந்தது என்று நம்பினாள், அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அங்கிருந்து பிடித்த வழக்கு அவளுடைய குடும்பத்தையும் அண்டை வீட்டாரையும் இழுத்துக்கொண்டு போய், ஆகஸ்ட் 20ஆம் தேதி லங்காஸ்டரில் பத்துப் பேரின் தூக்கில் முடிந்தது. அவளுடைய பாட்டி அதற்கு முன்பே சிறையில் இறந்துபோனார்.

ரொட்டி, பாலாடைக்கட்டி, 12 பென்னி, குண்டூசி. ஏன் எப்போதும் இப்படி? பழைய கத்தோலிக்க இங்கிலாந்தில் வாசலுக்கு வந்தவளுக்குப் பிச்சையிடுவது புண்ணியம். மடங்களும் ஏழைகளுக்குக் கொடுத்துவந்தன. எட்டாம் ஹென்றி மடங்களை மூடினார். விலைவாசி ஏறியது, 1590களில் விளைச்சல் தொடர்ந்து பொய்த்தது. 1598, 1601 சட்டங்கள் ஏழைகளைக் காக்க ஊர்தோறும் வரி வசூலிக்கச் சொல்லின. வரியும் கொடுத்துவிட்டு வாசலிலும் கொடுக்க வேண்டுமா என்று குடித்தனக்காரர் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு மனம் உறுத்தியது. போகும்போது அவள் ஏதோ முணுமுணுத்தாளே என்ற நினைவு. அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், குற்ற உணர்ச்சி பயமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? கொடுக்காதவருக்குத்தான் சாபத்தைப் பற்றிய பயம் அதிகம். எல்லா வழக்கும் இந்த வார்ப்பில் அடங்காது, தெரியும். ஆனால் எசெக்ஸ் வழக்குகளைப் படிப்பவர்கள் இதை வரிசையாகப் பார்க்கலாம்.

பயந்தவர்களையும் நான் ராட்சதர்களாகப் பார்க்கவில்லை. 2004இல் லண்டன் கிரீனிச்சில் மண்ணுக்கடியிலிருந்து பதினேழாம் நூற்றாண்டு மண்ஜாடி ஒன்று மூடி கழலாமல் கிடைத்தது. ஆய்வகத்தில் திறந்தபோது உள்ளே மனிதச் சிறுநீர், வளைத்த ஆணிகள், ஊசிகள், தலைமுடி, வெட்டிய நகத்துண்டுகள், ஆணி குத்திய இதய வடிவத் தோல்துண்டு. செய்வினையால் நோயுற்றதாக நம்பியவரின் சிறுநீரை இப்படி அடைத்துப் புதைத்தால் வைத்தவளுக்கே அது திரும்பும் என்பது நம்பிக்கை. அன்றைக்கு யாரிடமும் மருந்தில்லை. வலியில் துடிக்கும் ஒருவருக்காக யாரோ உட்கார்ந்து நகம் வெட்டி, ஊசியை ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கைகளின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தத் தவிப்பை எடுத்துத் தூக்குக்கயிறாக முறுக்கிய சட்டத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி மானிங்ட்ரீ. கோல்செஸ்டரிலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம், ஸ்டோர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். 1645 மார்ச்சில் ஜான் ரிவெட் என்ற தையல்காரரின் மனைவி நோயில் விழுந்தார். ரிவெட் ஒரு குறிகாரியிடம் போனார். அக்கம்பக்கத்துப் பெண்தான் காரணம் என்று குறி வந்தது. சந்தேகம் எலிசபெத் கிளார்க் மீது விழுந்தது. வயதானவர், ஏழை, ஒரு கால் இல்லாதவர். அவருடைய தாயும் சூனியத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர் என்று ஊர் பேசியது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். லண்டன் நீதிபதிகளின் சுற்றுப்பயணம் நின்றிருந்தது. இந்த இடைவெளியில்தான் மேத்யூ ஹாப்கின்ஸ் என்ற இளைஞரும் ஜான் ஸ்டெர்ன் என்பவரும் நுழைந்தார்கள். ஹாப்கின்ஸ் ஒரு பாதிரியாரின் மகன், வயது இருபத்தைந்தை ஒட்டியிருக்கும். தம்மைத்தாமே தலைமைச் சூனிய வேட்டையாளர் என்று அழைத்துக்கொண்டார்.

ஆங்கிலச் சட்டத்தில் சித்திரவதைக்கு இடமில்லை. அதனால் அவர்கள் அதற்குக் ‘காவல் காத்தல்’ என்று பெயர் வைத்தார்கள். கிழவியை அறையின் நடுவில் உட்கார வைத்து, இரவு பகலாகத் தூங்க விடாமல் சுற்றி ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். அவள் வளர்க்கும் குட்டிச்சாத்தான்கள் பசித்தால் எப்படியும் பால் குடிக்க வரும், அப்போது பார்த்துவிடலாம் என்பது கணக்கு. நான்காம் இரவு எலிசபெத் கிளார்க் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஹோல்ட் என்ற வெள்ளைப் பூனைக்குட்டி. ஜார்மாரா என்ற, காலே இல்லாத கொழுத்த ஸ்பேனியல் நாய். வினிகர் டாம் என்ற, காளைத் தலையும் நீண்ட கால்களும் உள்ள வேட்டைநாய். சாக் அண்டு சுகர் என்ற கறுப்பு முயல். நியூஸ் என்ற மரநாய். பிறகு அவர் காட்டிக்கொடுத்த மற்றப் பெண்களின் குட்டிச்சாத்தான் பெயர்களைப் பற்றி, இவற்றை மனிதரால் இட்டுக்கட்டவே முடியாது என்று ஹாப்கின்ஸ் தம் நூலில் எழுதினார்.

ஆசிரியர் அவர்களே, இரவுப் பணியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எண்பது வயதைத் தாண்டியவர் இரண்டு இரவு சரியாகத் தூங்காமல், தண்ணீரும் போதாமல் போனால் போதும், அறையில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பெரும்பாலும் சிறு பிராணிகள். போர்வை மேல் பூனைக்குட்டி இருக்கிறது, மிதித்துவிடாதே என்று என்னைத் தடுத்த ஒரு பாட்டியை மறக்க முடியாது. பெயர் சொல்லி அதைக் கூப்பிட்டார், மடியில் இடம் பண்ணிக் கொடுத்தார். முகத்தில் பயமில்லை, அத்தனை வாஞ்சை. நாங்கள் விளக்கைத் தணித்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நன்றாகத் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எலிசபெத் கிளார்க்கும் தன் வெள்ளைக் குட்டி வந்தால் மடியில் வைத்து விளையாடுவேன் என்று சொன்னதாக வழக்குச் சாட்சியத்தில் இருக்கிறது. அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

பிறகு உடம்பைச் சோதிப்பது. குட்டிச்சாத்தான்கள் பால் குடிக்கும் காம்பு சூனியக்காரியின் உடம்பில் மறைவான இடத்தில் இருக்கும் என்று நம்பினார்கள். இதைத் தேட ஆண்களை அனுப்பவில்லை. ஊரில் நல்ல பெயர் எடுத்த பெண்களையும் மருத்துவச்சிகளையும் அனுப்பினார்கள். மானிங்ட்ரீயில் அப்படிச் சோதித்துச் சாட்சி சொன்னவர்களில் மேரி பிலிப்ஸ் என்ற மருத்துவச்சியும் ஒருவர். மருத்துவச்சிகள் வேட்டையாடப்பட்டார்கள் என்று உங்கள் கட்டுரை சொல்வதால் இதை வலியுறுத்துகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர்களில் மருத்துவச்சிகள் மிகச் சிலரே. சோதனை செய்த கூட்டத்தில் அவர்கள் வாடிக்கையாக இருந்தார்கள். என் தொழிலின் முன்னோடிகள் என்று சொல்லத்தக்கவர்கள். அவர்கள் தேடிக் கண்டுபிடித்தது என்னவென்று எனக்குத் தெரியும். வயதான பெண்களைக் குளிப்பாட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தொங்கும் சிறு தோல்முடிச்சுகள், மூலம், பல பிரசவங்களில் கிழிந்து தானாக ஆறிய சதை. வயதும் பிள்ளைப்பேறும் உடம்பில் விட்டுப்போன தடங்கள் அவை. பிள்ளைப்பேறு பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருத்திக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? எனக்கு இந்தக் கேள்விதான் வேறு எதையும்விட அதிகத் தொந்தரவு தருகிறது.

தெரிந்து சொன்னவர்களும் உண்டு என்பதையும் எழுத வேண்டும். 1634இல் லங்காஷயரில் எட்மண்ட் ராபின்சன் என்ற சிறுவன் சூனியக்காரிகளின் கூட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லிப் பலரைச் சிக்க வைத்தான். நீதிபதிகளுக்குச் சந்தேகம் வரவே விஷயம் அரசரிடம் போயிற்று. நான்கு பெண்கள் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த அதே வில்லியம் ஹார்வியின் பொறுப்பில், அறுவை மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் சேர்ந்து அவர்களைப் பரிசோதித்தார்கள். மூவரிடம் இயற்கைக்கு மாறாக எதுவும் இல்லை. மார்கரெட் ஜான்சன் என்பவரிடம் இருந்தது, மூல நோய்க்குப் பிறகோ அட்டை விட்ட பிறகோ இழுபட்டு நிற்கும் தோல்தான் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். மாடுகளை வீட்டுக்கு ஓட்டிவரத் தாமதமானதால் அப்பாவின் அடிக்குப் பயந்து கதை கட்டினேன் என்று சிறுவன் ஒப்புக்கொண்டான். மானிங்ட்ரீக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, அதே கண், அதே கை, சரியான பதிலைச் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் எசெக்ஸ் வரை வரவில்லை.

கோல்செஸ்டர் கோட்டைச் சிறையில் விசாரணைக்குக் காத்திருந்தவர்களில் சிலர் சிறைக் காய்ச்சலில் இறந்தார்கள். 1645 ஜூலையில் செம்ஸ்ஃபோர்டில் வழக்கு நடந்தது. லாஃபோர்டைச் சேர்ந்த ரெபெக்கா வெஸ்ட் என்ற பெண், தன் தாய் ஆன் வெஸ்டுக்கு எதிராகவே சாட்சி சொல்லி உயிர் தப்பினாள். தாய் தூக்கில் தொங்கினார். எலிசபெத் கிளார்க்கும் அப்படியே. எசெக்ஸில் அந்தக் கோடையில் மட்டும் ஏறத்தாழ 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆகஸ்டில் சஃபோக் மாவட்டத்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் ஒரே நாளில் 18 பேர். அவர்களில் ஒருவர் எண்பது வயதை எட்டிய பாதிரியார் ஜான் லோஸ். அவரைத் தூங்க விடாமல், மூச்சு வாங்கும்வரை அறைக்குள் ஓடவிட்டு, கப்பலை மூழ்கடித்தேன் என்று சொல்ல வைத்தார்கள். அடக்க ஜெபம் சொல்ல ஆளில்லாததால், தமக்கான ஜெபத்தைத் தாமே சொல்லிவிட்டுத் தூக்கு மேடைக்குப் போனார். பாதிரியார்கள் எரித்தார்கள் என்ற உங்கள் வரியைப் படித்தபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஊருக்கு 20 ஷில்லிங்தான் வாங்குகிறேன் என்று ஹாப்கின்ஸ் எழுதினார். ஸ்டோமார்க்கெட் நகரத்துக் கணக்கில் 23 பவுண்டு செலவு பதிவாகியிருக்கிறது. ஒரு கூலியாள் பல மாதம் உழைத்தாலும் பார்க்க முடியாத தொகை. அவரை வெளிப்படையாக எதிர்த்தவர் கிரேட் ஸ்டாட்டன் ஊரின் பாதிரியார் ஜான் கால். முகத்தில் சுருக்கம், மீசை முளைத்த உதடு, துருத்திய பல், கீச்சுக் குரல், பக்கத்தில் ஒரு நாயோ பூனையோ இருந்தால் போதும், எந்தக் கிழவியையும் சூனியக்காரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் என்று 1646இல் அச்சிலேயே சாடினார். அடுத்த ஆண்டு ஹாப்கின்ஸ் இறந்து மிஸ்ட்லியில் புதைக்கப்பட்டார்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1612 லங்காஸ்டர் வழக்கில் அலிசனின் தங்கை ஜென்னட்டுக்கு ஒன்பது வயதிருக்கும். உயரம் போதாததால் நீதிமன்றத்தில் மேசை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். கூண்டில் நின்ற தாய் எலிசபெத் டிவைஸ் கதறவும், குழந்தை பயப்படுகிறாள் என்று தாயை வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள். குழந்தை தாய்க்கு எதிராகப் பேசினாள். தாய், அண்ணன், அக்கா மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ராபின்சன் பையனின் பொய்யால் தீர்ப்புப் பெற்றவர்களின் பட்டியலில் ஜென்னட் டிவைஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதே ஜென்னட்தானா என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது.

அறிவியல் வந்ததும் இருள் நீங்கியது என்று கட்டுரை முடிகிறது. அப்படியும் இல்லை. நம்பிக்கை போவதற்கு முன்பே நீதிபதிகள் ஆதாரத்தைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் முன் வந்த சூனிய வழக்குகள் ஒவ்வொன்றும் விடுதலையில் முடிந்தன. ஆனால் துணிவில்லாதவர்களும் இருந்தார்கள். 1682இல் டெவன் மாவட்டத்து பிடஃபோர்டைச் சேர்ந்த டெம்பரன்ஸ் லாய்ட், சூசன்னா எட்வர்ட்ஸ், மேரி ட்ரெம்பிள்ஸ் ஆகிய மூன்று ஏழைப் பெண்கள் எக்ஸெட்டரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களை விட்டால் சூனியமே இல்லை என்று நாங்கள் சொல்வதாக மக்கள் நினைப்பார்களே என்று நீதிபதி பிரான்சிஸ் நார்த் கடிதம் எழுதினார். 1712இல் ஜேன் வென்ஹம் மீது ஜூரி குற்றத்தீர்ப்புச் சொன்னபோது நீதிபதி பவல் அரசியிடம் மன்னிப்பு வாங்கிக் காப்பாற்றினார். 1736இல் சட்டமே நீங்கியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1751இல், ட்ரிங் ஊருக்கு அருகே ஒரு கும்பல் ரூத் ஆஸ்போர்ன் என்ற முதியவளை இழுத்துப் போய், சூனியக்காரி என்றால் மிதப்பாள், பார்ப்போம் என்று குளத்தில் தள்ளிக் கொன்றது. இம்முறை தூக்கிலிடப்பட்டவர் கும்பலின் தலைவன் தாமஸ் கோலி.

மறுப்பை வெளியிடும்போது இரண்டு வேண்டுகோள். எண்ணிக்கையையும் எரிப்பையும் பற்றிய திருத்தத்தைக் கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில் போடுங்கள்; உள்பக்க மூலையில் நான்கு வரியாக வேண்டாம். கூர்த்தொப்பியும் துடைப்பமும் தீக்கம்பமுமாக வரைந்த அந்தப் படத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள். படம் வேண்டுமென்றால் ஹாப்கின்ஸின் 1647 நூலின் முகப்புப் படம் இருக்கிறது. அதில் எலிசபெத் கிளார்க் சாதாரண உடையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் அவர் பெயர் சொன்ன பிராணிகள். நூலகத்தில் எடுத்த நகல் என்னிடம் உள்ளது. கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோல்செஸ்டர், எசெக்ஸ்.